வாடாத பூக்கள்

நோல்ஃபா காம்பில்யாய்க்கு லாரி ஓட்ட வரும் என்று முதலில் நம்பியது அந்த லாரிதான். ஊர் நம்புவதற்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

போசோ அமார்கோ என்கிற பாலைவனத்து ஊரில் கிணறு இருக்கிறது. தண்ணீர் கைக்கும்; ஆடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து தண்ணி லாரி மேடேறி வந்தால்தான் அடுப்பில் டீ கொதிக்கும். பழைய டிரைவர் இடுப்பு போச்சு என்று இறங்கிக்கொண்ட அன்றைக்கு, கீழே ஆலிவ் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த நோல்ஃபா நேரே ஒப்பந்தக்காரரிடம் போய் நின்றாள். "சாவியக் குடுங்க" என்பதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. பொம்பளை கொண்டுவந்த தண்ணி என்று முதல் வாரம் சில வீடுகளில் டிரம்மைத் திறக்க மறுத்தார்கள். இரண்டாம் வாரம் தாகம் அவர்களோடு பேசி முடித்துவிட்டது.

குள்ளமான உருவம். ஸ்டியரிங்குக்கு மேல் கண் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு கம்பளி மூட்டையின்மேல் உட்கார்ந்து ஓட்டுவாள். கல்யாணம் ஒன்று ஆகி, புருஷன் வடக்கே தாமிரச் சுரங்கத்துக்குப் போனவன் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். யாராவது துக்கம் விசாரிப்பதுபோல் ஆரம்பித்தால், "அவனுக்கு ரோடு தெரியும், வரணும்னா வருவான்" என்பாள். அத்தோடு சரி. பேச்சு குறைவு, பிடித்த பிடி விடுவதில்லை. அவள் தங்கை எர்சீரா இதற்கு நேர் எதிர். வாயைத் திறந்தால் மூட மாட்டாள்; பிடித்ததை மறுநாளே விட்டுவிடுவாள்.

எர்சீராவின் கடை ஊருக்கு வெளியே, சாலை வளைகிற இடத்தில். ஆட்டுப் பாலாடைக் கட்டி, ஆலிவ், தணலில் சுட்ட ரொட்டி, குளிர்காலத்தில் பூசணி மாவு அப்பமும் அதை ஊறப்போட வெல்லப்பாகும். கடைக்குப் பின்னால் ஒரு சரிவு. சரிவின் உச்சியில் தாகக்காரரின் குட்டி வீடு. வீடு என்றால் முழங்கால் உயரத்துக்குத் தகரத்தில் செய்த கோயில். உள்ளே ஒரு சிலுவை, கருகிய மெழுகுத்திரிகள். ரயில் வருவதற்கு முன்னால் சுரங்கத்துக்கும் கடலுக்கும் நடுவே கோவேறு கழுதைகள் ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். வழி தவறிய ஒரு கோடையில் கடைசித் தண்ணீரைக் கழுதைக்கு ஊற்றிவிட்டு அந்தச் சரிவிலேயே படுத்துவிட்டாராம். கழுதை ஊர் வந்து சேர்ந்தது. அதிலிருந்து அந்த வழியாகப் போகிற டிரைவர் எவரும் ஒரு பாட்டில் தண்ணீராவது வைக்காமல் போவதில்லை.

தண்ணி லாரிக்காரர்களின் முறை இன்னும் ஒருபடி மேலே. வீடுகளின் டிரம்களை நிரப்பிய பிறகு டாங்கில் ஏதாவது மிஞ்சும். மிச்சத் தண்ணீரோடு மேட்டிலிருந்து இறங்கினால், அது டாங்குக்குள் அலையடித்து லாரியை முன்னுக்குத் தள்ளும். எங்காவது கொட்டித்தான் ஆக வேண்டும். அதைத் தாகக்காரருக்குக் கொட்டுவது வழக்கம். பழைய டிரைவர் கொட்டினார், நோல்ஃபாவும் கொட்டினாள்.

அங்கே ஜூன், ஜூலைதான் குளிர்காலம்; மழை பெய்தால் அப்போதுதான் பெய்யும். மழையே பெய்யாத ஒரு குளிர்காலத்தில் எர்சீராவுக்கு அந்த யோசனை வந்தது.

"அக்கா, அந்தத் தண்ணிய ஒரே எடத்துல கொட்டி மண்ணுக்குள்ள விடறியே. குழாயப் போட்டுச் சரிவு பூரா பீய்ச்சி விடேன். அவருக்கும் குளுகுளுன்னு இருக்கும்."

"அவருக்கா, உன் கடைக்கா?"

"அவரும் என் கடை வாசல்லதான இருக்காரு. என்னைக்காவது வாடகை கேட்டிருக்கனா?"

நோல்ஃபா சிரித்துவிட்டுப் பம்ப்பைத் தட்டிவிட்டாள். குளிர்காலம் முழுக்க அப்படியே நடந்தது. மற்ற எல்லா இடமும் எலும்பு நிறத்தில் கிடக்க, அந்தச் சரிவு மட்டும் ஈரம் ஏறிக் கறுத்தது. ஆகஸ்டில் மண்ணைப் பிளந்துகொண்டு சதைப்பற்றான இலைகள் வந்தன. செப்டம்பர் பண்டிகைக்கு முன்னால், ஒரு பகலில், சரிவு மொத்தமும் திறந்துகொண்டது. ஊதாவும் சிவப்பும் குழைந்த நிறம். உற்றுப் பார்த்தால் கண்ணில் ஒட்டிக்கொண்டு, இமையை மூடினால் உள்ளே பச்சையாகத் தெரிகிற நிறம். குவானாக்கோப் பாதம் என்று ஊரில் சொல்கிற பூ அது. இலை அந்த மலை விலங்கின் குளம்பு மாதிரி இருக்கும் என்பார்கள்.

கார்கள் நின்றன. மழையில்லாமல் பூத்திருக்கிறது, தாகக்காரர் பூக்க வைத்திருக்கிறார் என்று பேச்சு ஆற்றுப் பக்கம்வரை போயிற்று. மெழுகுத்திரியோடு வந்தவர்கள் அப்பமும் தின்றார்கள். எர்சீராவுக்குக் கை ஓயவில்லை. "யாரு கேட்டாலும் நீ தண்ணி ஊத்தினேன்னு சொல்லாதக்கா. அவரு பேரு எதுக்குக் கெடணும்?"

நோல்ஃபா யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படி யாரும் கேட்கவுமில்லை. ஊருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்புகையில் சரிவில் குப்புறப் படுத்துக்கொண்டு, முழங்கையை ஊன்றி, ரொட்டியையும் பாலாடைக் கட்டியையும் தின்பாள். மழை பெய்த வருஷங்களில், சின்ன வயதிலிருந்தே, இந்தப் பூக்களை அவள் இப்படித்தான் பார்த்து வந்திருக்கிறாள். பூவின் உயரத்துக்கு இறங்கிவிட்டால் அது ஒரு சந்தை. கறுத்த, ரோமம் அடர்ந்த பெரிய தேனீ லாரி கியர் மாற்றுவதுபோல் உறுமிக்கொண்டு வந்து விழும். விழுந்த வேகத்தில் பூவே தலை கவிழும். நீண்ட மூக்கை நீட்டியபடி அந்தரத்தில் நிற்கிற ஈ ஒன்று வரும், உட்காரவே உட்காராது. கறுப்பு முதுகில் வெள்ளைக் கோடு போட்ட வண்டு, ஊரில் குட்டிப்பசு என்று பெயர், வாசலில் நிற்காமல் இதழையே மென்றுகொண்டு உள்ளே நுழையும். ஏதோ ஒரு பூவில் மட்டும் யாரும் இல்லாததுபோல் இருக்கும். நன்றாகப் பார்த்தால் இதழோரத்தில் முன்னங்கால்களை விரித்துக்கொண்டு நண்டுச் சிலந்தி காத்திருக்கும். வலை கிடையாது. பொறுமை ஒன்றுதான் அதன் வலை.

இந்த முறை ரொட்டியை மெல்லுகிற சத்தம் அவளுக்கே கேட்டது.

வேறு சத்தம் எதுவும் இல்லை. பூவை விரலால் ஒதுக்கிப் பார்த்தாள். நடுவில் மஞ்சள் தூள் தட்டுத் தட்டாக அப்படியே இருந்தது, யாரும் கை வைக்காத விருந்து மாதிரி. வண்டு இல்லை. ஈ இல்லை. சிலந்திகூட இல்லை. சாயங்காலம் மூடிய பூ மறுநாள் வெயிலில் திறந்தது. அதற்கு மறுநாளும் திறந்தது. அவளுக்குத் தெரிந்த குவானாக்கோப் பாதம் அப்படிச் செய்யாது. கூட்டம் வந்துபோன அன்று சாயங்காலம் மூடிக்கொண்டால், மூடியதுதான்.

"நல்ல சாதிப் பூக்கா, வாடவே மாட்டேங்குது!" என்று எர்சீரா பூரித்துப்போனாள்.

நோல்ஃபா வாடிய ஒன்றைத் தேடிப் பிடித்து, நகத்தால் கீறினாள். விதைப்பை இருக்க வேண்டிய இடத்தில் உமி மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே ஒன்றுமில்லை. இன்னொன்றைக் கீறினாள். அதுவும் அப்படியே.

அன்று லாரியை எடுக்காமல் சாலைக்கு எதிர்ப்புறத்துச் சமவெளிக்கு நடந்தாள். முந்தைய மழை வருஷத்தில் கறுத்த தேனீக்கள் நிலத்தைத் துளைத்து வைத்த இடம் அது. டயர் கழற்றுகிற கடப்பாரையால் மெல்லக் கெல்லினாள். முழங்கை ஆழத்தில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு மண்குடுவை கிடைத்தது. ஓரத்தை உடைத்தாள். உள்ளே வெளுத்த புழு ஒன்று சுருண்டு கிடந்தது. செத்துவிட்டது என்று நினைத்தாள். மூச்சுக் காற்று பட்டதும் அது லேசாக நெளிந்து, இன்னும் இறுகச் சுருண்டுகொண்டது.

அப்போதுதான் அவளுக்கு முழுதாக விளங்கியது. மழை வந்தால் எல்லா வீட்டுக் கதவையும் சேர்த்துத் தட்டும். பூவும் எழும், மண்ணுக்குள் கிடக்கிற பூச்சிகளும் எழும், அவற்றைத் தின்ன வருவதும் எழும். அவளுடைய குழாய் பூவை மட்டும் எழுப்பிவிட்டது. எத்தனையோ வறண்ட வருஷங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு மண்ணில் கிடந்த விதை, மழை என்று நம்பி எழுந்து வந்து, வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு, வராத விருந்தாளிக்காக நாள்தோறும் நிற்கிறது. இவை விதை வைக்காமல் கருகினால் சரிவில் மிஞ்சுவது வெறும் மண். அடுத்து நிஜமழை பெய்கிற வருஷம் பாலைவனமெல்லாம் பூக்கும். தாகக்காரரின் சரிவு மட்டும் மொட்டையாகக் கிடக்கும். அதைச் செய்தது அவள் கை.

குடுவையை மூடி, மண்ணைத் தள்ளி, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு வந்தாள்.

"அப்ப அந்தத் தேனீங்களுக்கும் தண்ணி ஊத்தி எழுப்பிடு" என்றாள் எர்சீரா, அப்பத்தைத் திருப்பிப் போட்டபடி.

"எழுப்பி? அதுங்க எந்திரிச்சு ரெக்கை காயறதுக்குள்ள இந்தப் பூ முடிஞ்சிடும். அப்புறம் பட்டினில சாகும். ஒரு தப்பு போதும்டி."

"அக்கா, பூவுக்கு இவ்வளவு விசாரமா? இந்த வருஷம் பூத்தாச்சா, பூத்தாச்சு. அடுத்தத அவரு பாத்துப்பாரு."

"அவரு பாத்துக்க மாட்டாரு. கொட்டினது நானு."

முதலில் சுலபமான வழியைத்தான் பார்த்தாள். ஆற்றுப் பக்கத்தில் பெட்டித் தேனீ வளர்க்கிற ருதெசிந்தோ நல்ல மனிதர்; பெயருக்கு முன்னால் தோன் என்று மரியாதை சேர்த்துத்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கேட்ட உடனே ஒரு பெட்டியைத் தூக்கி லாரியில் வைத்துக் கட்டிக் கூடவே வந்துவிட்டார். சரிவின் அடிவாரத்தில் பெட்டியை வைத்து, கதவைத் திறந்து, தொப்பியைக் கழற்றி, "போங்கடி கண்ணுங்களா, விருந்து" என்றார். தேனீக்கள் வெளியே வந்தன. ஒரு சுற்றுச் சுற்றின. பிறகு மொத்தக் கூட்டமும் எர்சீராவின் வெல்லப்பாகுச் சட்டிக்குப் போய் இறங்கியது.

"ஐயோ! ஐயோ! தோன் ருதெசிந்தோ, உங்க பொண்ணுங்களக் கூப்பிடுங்க!"

"அதுங்க என் பேச்சக் கேக்கும்னா நான் எதுக்குத் தாயி முகத்துக்கு வலை மாட்டறேன்?"

அப்பம் வாங்க நின்ற குடும்பம் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டது. மீதித் தேனீக்கள் தாகக்காரரின் பாட்டில்களில் கசிந்த தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தன. பூப்பக்கம் போனவை மிகச் சில; அவையும் சோம்பலாக ஒன்றிரண்டைத் தொட்டுவிட்டுச் சட்டிக்குத் திரும்பின. வெயில் சாய்ந்ததும் ருதெசிந்தோ பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனார். எர்சீரா இரண்டு நாள் அக்காவோடு பேசவில்லை. அவளுக்கு அது பெரிய விரதம்.

மறுநாளிலிருந்து நோல்ஃபா கோழி இறகை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள்.

பூ வெயில் ஏறியபிறகுதான் திறக்கும். அதனால் விடியுமுன்னே லாரியைக் கிளப்பி, ஊர் வேலையை முடித்து, உச்சி வெயிலுக்குச் சரிவில் இருப்பாள். மண்டியிட்டு, இறகால் மஞ்சள் தூளைத் தொட்டு, நடுத்தண்டின் நுனியில் தடவி, அடுத்த பூ. பிறகு அடுத்த பூ. முழங்கால் தோல் உரிந்தது. சாலையில் போகிற பஸ்காரன் ஹாரனை விட்டுவிட்டு வாயாலேயே "ஙொய்ய்ய்" என்று ரீங்காரம் போட்டுக்கொண்டு போனான். போசோ அமார்கோவில் டிரம்மைத் திறந்துவிடும் பெண்கள், "வா தேனீ, கொட்டிடாத" என்று வரவேற்றார்கள்.

"கொட்டினா தண்ணிதான் கொட்டும்" என்பாள் நோல்ஃபா. "டிரம்மு மூடியத் தொற."

அடுத்த வாரம் முதலில் தடவிய பூக்களைக் கீறிப் பார்த்தாள். உமி. ஒவ்வொன்றும் உமி.

லாரியின் படியில் உட்கார்ந்துகொண்டாள். ரொட்டியைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். எங்கே தவறியது என்று யோசித்தாள். கறுத்த தேனீ எப்படி வரும், எப்படிப் போகும் என்று தலைக்குள் ஓட்டிப் பார்த்தாள். அது ஒரு செடியில் உட்கார்ந்து பக்கத்துப் பூவுக்கு ஒழுங்காக நகர்வதில்லை. ஒன்றில் விழும், உடனே சலித்துக்கொண்டு தூரத்தில் இன்னொன்றுக்குப் பாயும், நாலு கஜம் தள்ளி இறங்கும். அவளோ வரிசையாக, ஒரு செடியின் தூளை அந்தச் செடிக்கே ஊட்டிக்கொண்டிருந்தாள். ஆலிவ் பறிக்கிற பழக்கம். ஒரு மரத்தை முடித்துவிட்டு அடுத்த மரம்.

எழுந்து போய், சரிவின் கிழக்கு ஓரத்துச் செடியில் இறகைத் தொட்டு, மேற்கு ஓரத்துக்கு நடந்து தடவினாள். அங்கே தொட்டு, உச்சிக்கு ஏறினாள். ஒழுங்கே இல்லாமல், குடித்தவன் மாதிரி, சரிவு முழுக்க அலைந்தாள். பஸ்காரன் இந்த முறை வண்டியையே நிறுத்திப் பார்த்தான்.

அந்த வாரத்தில்தான் இலாரியோனின் ஆடுகள் உள்ளே புகுந்தன.

இலாரியோன் தம்ப்ளாய் பக்கத்துப் பள்ளத்தில் ஆடு வளர்க்கிறவன். அவன் மகளை ஞானஸ்நானத்தன்று ஞானத்தாயாகக் கையில் ஏந்தியவள் நோல்ஃபா. அதனால் அவன் அவளைக் கொமாத்ரே என்றும், அவள் அவனைக் கொம்பாத்ரே என்றும் கூப்பிடுவது முறை. எர்சீரா விற்கிற பாலாடைக் கட்டி அவன் ஆடுகளின் பால்தான். பண்டிகைக்கு முன்பே ஒருமுறை, "கொமாத்ரே, அந்தப் புண்ணியவான் தோட்டத்துல என் ஆடுங்க கொஞ்சம் வாய வெச்சுக்கட்டுமே" என்று விளையாட்டாகக் கேட்டான். விளையாட்டு இல்லை என்று இருவருக்கும் தெரியும். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் பச்சை என்று இருந்தது அந்தச் சரிவு ஒன்றுதான்.

நோல்ஃபா வளைவில் திரும்பியபோது கீழ்ப்பக்கம் முழுக்க வெள்ளையும் பழுப்புமாக முதுகுகள். எர்சீரா கரண்டியோடு கத்திக்கொண்டிருந்தாள். நோல்ஃபா ஹாரனை அழுத்திக்கொண்டே லாரியைச் சாலையிலிருந்து இறக்கி, பம்ப்பை முடுக்கி, குழாயைத் தூக்கி ஆடுகளின்மேல் பீய்ச்சினாள். ஆடுகள் சிதறின. சில நின்று முகத்தைக் காட்டி வாயைத் திறந்து தண்ணீரைக் குடித்தன. அதைப் பார்த்ததும் அவள் குழாயை இறக்கினாள். பம்ப்பை அணைத்தாள்.

இலாரியோன் தடியை ஊன்றிக்கொண்டு மேலேறி வந்தான். கோபத்தில் அவனுக்குச் சத்தம் வராது; குரல் இறங்கிப்போகும்.

"ஆடு சாகுது கொமாத்ரே. நீ பூவுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சிட்டிருக்க."

அவள் குழாயைச் சுருட்டத் தொடங்கினாள்.

"நேத்து ஒண்ணு போச்சு. குட்டியோட. நீ மண்டி போட்டு இறகுல தடவறத அந்தப் பக்கத்துலேருந்து பாத்துட்டேதான் பொதச்சேன்."

"கேட்டிருக்கலாம்ல" என்றாள் எர்சீரா.

"கேட்டேன். சிரிச்சீங்க."

நோல்ஃபா தின்னப்பட்ட பக்கத்தைப் பார்த்தாள். கீழ்ச்சரிவு போய்விட்டது. மேலே மிச்சமிருந்தது. ஆடுகளின் விலா எலும்புகளைப் பார்த்தாள். ஒரு கையில் ஒன்று, மறு கையில் இன்னொன்று என்று தூக்கிப் பார்க்க முடியாத விஷயங்கள்.

"கொம்பாத்ரே, விதை விழற வரைக்கும் பொறு. விழுந்த மறுநாள் நானே வந்து கூப்பிடறேன். தண்டு, இலை, வேரு, எல்லாம் உன் ஆட்டுக்கு."

"அதுவரைக்கும்? இந்த வெயிலத் திங்குமா?"

"அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்."

ஆலிவ் தோட்டங்களில் அது கிளை கழிக்கிற காலம். மறுநாள் தண்ணி லாரி மேடேறி வந்தபோது டாங்கின் தலையில் ஆடுகளுக்காக ஆலிவ் கிளைகள் மலைபோல் கட்டியிருந்தன. தூரத்திலிருந்து பார்க்க ஒரு தோப்பே நகர்ந்து வருவதுபோல் இருந்தது. பழைய முதலாளியிடம், எரிக்கப்போகிற குப்பையைத்தான் கேட்கிறேன் என்று சொல்லி வாங்கியது. வாங்கி, கட்டி, ஏற்றி இறக்க அவளுக்கு உறக்கத்தில் பாதி போயிற்று. மிச்சத் தண்ணீரும் இனி சரிவுக்கு இல்லை. செடிகள் தாங்குகிற அளவுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, மீதியெல்லாம் இலாரியோனின் தொட்டிக்குப் போயிற்று.

சில நாள் கழித்து இலாரியோன் சரிவுக்கு வந்தான். ஆடுகள் இல்லாமல், கையில் ஒரு குச்சியோடு. குச்சியின் நுனியில் கறுத்த ரோமக்கற்றை ஒன்றைச் சுற்றிக் கட்டியிருந்தது.

"என்ன கொம்பாத்ரே இது?"

"கெடா தாடி. கோழி இறகு வழுவழுன்னு இருக்கு, பொடி நிக்கல. நான் பாத்துட்டுத்தான இருக்கேன். அந்தக் கறுப்பித் தேனீ ஒடம்பெல்லாம் மயிரு. இது நிக்கும்."

நின்றது. ஒருமுறை தொட்டால் பல பூக்களுக்குப் போதுமான தூள் அதில் ஏறிக்கொண்டது. கிடா நாற்றமும் கூடவே ஏறியது.

"பூவுக்கு மாப்பிள்ளை வாசனை பிடிக்குமா தெரியல" என்றாள் நோல்ஃபா.

"எம் பொண்டாட்டிக்குப் பழகலயா?"

எர்சீரா கீழேயிருந்து, "அவ பழகல, மூக்கடைப்பு!" என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள். சரிவில் அந்த வருஷம் கேட்ட முதல் ரீங்காரம் அதுதான்.

அக்டோபர் முடிவதற்குள் பைகள் பருத்தன. நோல்ஃபா நகத்தால் கீறியபோது உள்ளேயிருந்து கறுத்து மின்னுகிற விதைகள், எறும்புக் கண் மாதிரி, உள்ளங்கையில் உருண்டன. எல்லாச் செடியிலும் இல்லை. மேற்குப் பக்கம் பல பைகள் காலி. அவள் எட்டாத இடங்கள், அவள் தப்பாகத் தடவிய முதல் வாரத்துப் பூக்கள். இருப்பது இருக்கட்டும் என்று உள்ளங்கையைச் சரிவின்மேல் உதறினாள். மற்றவை தாமாக வெடித்து விழக் காத்திருந்தாள். பிறகு பள்ளத்துக்குப் போய் வாசலில் நின்று, "கொம்பாத்ரே, ஓட்டிட்டு வா" என்று கூப்பிட்டாள்.

ஆடுகள் தண்டைத் தின்றன. தின்றுகொண்டே குளம்புகளால் மண்ணைக் கிளறி மிதித்தன. விதை உள்ளே போயிற்று. சாயங்காலம் சரிவு பழைய எலும்பு நிறத்துக்குத் திரும்பியிருந்தது.

அதோடு நோல்ஃபா அங்கே தண்ணீர் கொட்டுவதை நிறுத்திவிட்டாள். வந்துபோகிற டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். தாகத்தில் செத்தவருக்குத் தண்ணீர் மறுப்பதா? மூடி போட்ட ஒரு பாட்டிலைத்தான் அவள் வைத்தாள்.

எர்சீராவுக்கே பொறுக்கவில்லை. "அக்கா, மூடிய வெச்சிட்டு எப்படிக் குடிப்பாரு?"

"கழுதைக்கே தெறந்து ஊத்தினவரு. தனக்குத் தெறந்துக்க மாட்டாரா?"

அடுத்த குளிர்காலமும் வறட்சி. கார்கள் நிற்கவில்லை. அப்பம் ஆறிப்போயிற்று. "ஒரே ஒரு வாட்டி பீய்ச்சி விடேன், ஓரமா மட்டும்" என்று தங்கை கெஞ்சினாள், பிறகு திட்டினாள், பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மிச்சத் தண்ணீரோடு நோல்ஃபா தினமும் பள்ளத்துக்கு வளைந்து போய்த் தொட்டியை நிரப்பிவிட்டு வந்தாள். சரிவைத் தாண்டும்போது வேகத்தைக் குறைப்பாள், நிறுத்த மாட்டாள்.

அதற்கடுத்த ஜூனில் வடக்குக் காற்று திரும்பி, கடல் பக்கமிருந்து மேகம் ஏறி வந்து, நிஜமழை பெய்தது. தகரக் கூரைகள் பழக்கமில்லாமல் ஒழுகின. சாலை அறுத்துக்கொண்டு போனதால் தண்ணி லாரி வரவில்லை. ஊரார் பானை பானையாக வானத்திலிருந்தே பிடித்துக்கொண்டார்கள். ஆகஸ்டில் சமவெளி முழுக்கப் பச்சை ஓடியது. நாலா பக்கமும் பூ வந்தது.

தாகக்காரரின் சரிவில் ஒன்றும் இல்லை.

நோல்ஃபா தினமும் இறங்கிப் பார்த்தாள். எர்சீரா ஏதோ சொல்ல வாயெடுத்து, அக்காவின் முகத்தைப் பார்த்து, வாழ்க்கையில் ஒருமுறை வாயை மூடிக்கொண்டாள். குளம்பு மிதித்து ஆழமாகப் போன விதை மேலே வரக் கொஞ்சம் அதிக நாள் எடுத்துக்கொண்டதோ என்னவோ. ஒரு காலையில் தரையோடு தரையாக, சமவெளிச் செடிகளைவிடச் சிறியதாக, இலைகள் தெரிந்தன. திட்டுத் திட்டாக. மேற்குப் பக்கமும், ஆடு முந்திக்கொண்டு மேய்ந்த கீழ்ப்பக்கமும் சொட்டை விழுந்திருந்தன. அவள் கை எங்கெங்கே போயிற்று, எங்கெங்கே போகவில்லை என்பதைச் சரிவே படம் போட்டுக் காட்டியது.

பூ திறந்த அன்று உச்சி வெயிலில் குப்புறப் படுத்துக்கொண்டாள். பக்கத்தில் இலாரியோன் தடியோடு குந்தியிருந்தான். முதலில் ஒரு ஈ வந்தது, அந்தரத்தில் நின்று மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. குட்டிப்பசு வண்டு ஒன்று இதழை மென்றுகொண்டு ஏறியது. பிறகு சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மண்குடுவைகளிலிருந்து, அந்த உறுமல். கறுத்த தேனீ விழுந்த வேகத்தில் பூ தலை கவிழ்ந்து நிமிர்ந்தது.

நோல்ஃபாவுக்கு அது போதவில்லை. வந்தது வழி தவறி வந்ததாக இருக்கலாம். இன்னும் எதையோ தேடிக்கொண்டு பூ பூவாகத் தவழ்ந்தாள். உச்சியில், தகரக் கோயிலுக்குப் பக்கத்தில், யாருமில்லாததுபோல் நின்ற ஒரு பூவின் எதிரே நின்றாள். இதழோரத்தில் நண்டுச் சிலந்தியின் வெளுத்த முன்னங்கால்கள் விரிந்திருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீண்ட மூக்கு ஈ அங்கே வர, கால்கள் மூடிக்கொண்டன.

"கொல்லுது பாரு கொமாத்ரே. தட்டி விடு."

"விடு, விடு." அவன் தடியைக் கையால் ஒதுக்கினாள். "ஆளு வராத எடத்துல இவ வந்து உக்கார மாட்டா."

"என்னச் சொல்றியா?" என்றாள் கீழேயிருந்து எர்சீரா. கடை வாசலில் கார்கள் நின்றிருந்தன.

அன்று சாயங்காலம் பூக்கள் மூடிக்கொண்டன. மறுநாள் பகலில் எர்சீரா கரண்டியும் கையுமாக லாரிக்கு எதிரே ஓடி வந்தாள்.

"அக்கா, நேத்துத் திறந்ததெல்லாம் வாடிப்போச்சு! ஒண்ணுகூடத் திறக்கல! அந்த வருஷம் எவ்வளவு நாள் நின்னுச்சு!"

நோல்ஃபா எஞ்சினை அணைக்காமலே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சரிவைப் பார்த்தாள். நேற்றைய பூக்கள் சுருங்கித் தொங்கின. அவற்றுக்கு நடுவே இன்றைய மொட்டுகள் திறந்துகொண்டிருந்தன. உறுமல் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"வாடட்டும்டி" என்றாள். கியரை மாற்றி, மிச்சத் தண்ணீரோடு பள்ளத்துத் தொட்டிக்குத் திருப்பினாள்.